ஈரத் துண்டுக்குக் கீழே இருந்த சென்சார்

என் தம்பி வளர்த்த பாம்பைக் கொன்றது நான். அவன் மனைவி கவிதா அல்ல.

இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. எழுதிவிட்டேன். இனி மீதியைச் சொல்வதில் தயக்கமில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் விலங்கியல் ஆசிரியை. பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையின் முன் நின்று ஒரு நாளும் தடுமாறியதில்லை. என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்துவிட்டாள், பாவம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எனக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்ற நினைப்புதான் அன்றைக்கு அந்த அறையில் முதலில் நுழைந்தது... அதற்குப் பிறகுதான் வெயில் நுழைந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

என் தம்பி சரவணன் எலக்ட்ரீஷியன். அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியது நான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பாம்பு என்றால் கொள்ளை ஆசை. நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. ஆகவே ஆப்பிரிக்க வகை மலைப்பாம்பு ஒன்றை முறையாக வாங்கி, வனத்துறையில் பதிவும் செய்து கொண்டுவந்தான். நாலடிக்கும் குறைவான நீளம். விஷம் கிடையாது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். அதனால் அதற்கு லட்டு என்று பெயர் வைத்தான்.

லட்டுவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டுமென்றால் சூடான பக்கம் நகரும், வேண்டாமென்றால் குளிர்ந்த பக்கம் வந்துவிடும். அதனால் பெட்டியின் இடது பாதிக்கு அடியில் ஒரு தகட்டு ஹீட்டர். அந்த ஹீட்டர் எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதை முடிவு செய்ய ஒரு தெர்மோஸ்டாட். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் பெட்டிக்குள் போகும். ஒயரின் நுனியில் ஒரு சிறிய சென்சார். சென்சார் இருக்கும் இடம் குளிர்ந்தால் ஹீட்டர் எரியும், சூடானால் அணையும். பெட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தெர்மாமீட்டர். இடப்பக்கம் முப்பத்தொன்று பாகை, வலப்பக்கம் இருபத்தேழு. இதுதான் கணக்கு.

சரவணன் பாம்பைப் பற்றி எதுவென்றாலும் என்னிடம்தான் கேட்பான். நானும் சொல்வேன். அவன் பார்வையில் நான் தவறே செய்யாத அக்கா. அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது... மிகவும் பிடித்திருந்தது.

கவிதாவை அவன் கல்யாணம் செய்து ஓராண்டு ஆகியிருந்தது. நைனார்பாளையத்துப் பெண். விவசாயக் குடும்பம். கடலைக்கொல்லையில் பாம்பைக் கண்டால் கத்திக்கொண்டு ஓடுகிற வழக்கத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அறைப் பக்கமே போகமாட்டாள். "இன்னாங்க, கல்யாணத்துக்கு முன்னால இத சொல்லவே இல்ல" என்று அழுதவள். அது எங்கள் உறவினர் எல்லாருக்கும் தெரியும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நானும் அதை நினைவில் வைத்திருந்தேன்.

யாருக்கும் தெரியாதது இன்னொன்று இருந்தது. கடைசிச் சில மாதங்களில் கவிதா மாறியிருந்தாள். சரவணன் வேலைக்குப் போன பிறகு பெட்டியின் முன் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். லட்டுவிடம் ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் போனபோது பார்த்தேன். என்னைக் கண்டதும் கூச்சப்பட்டு எழுந்துகொண்டாள். நான் சரவணனிடம் சொல்லவில்லை. அவளும் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த வருடம் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் சரவணனுக்குக் கல்வராயன் மலையில் ஐந்து நாள் வேலை வந்தது. கரியாலூரில் புதிதாகக் கட்டிய விடுதி ஒன்றுக்கு ஒயரிங். புறப்படுவதற்கு முந்தின நாள் நாங்கள் மூவரும் அந்த அறையில் நின்றிருந்தோம்.

"மேலதான் ஜில்லுனு இருக்குமே. லட்டுவயும் எடுத்துக்கினு போங்களேன்" என்றாள் கவிதா.

சரவணன் என்னைப் பார்த்தான்.

"மலை ஏர்றப்ப வண்டி குலுங்கும். புது எடம். அது பயந்துக்கினு சாப்பிடாம கெடக்கும். இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் சொன்னது பிழையில்லை. பாம்புக்குப் பயணம் ஆகாது. ஆனால் அவள் சொன்ன வழி என் வழியைவிட நல்லது என்பது அப்போதே என் மனதில் ஒரு மூலையில் தோன்றியது. பின் ஏன் மறுத்தேன்? அவள் சொன்னதாலா? இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டுவிட்டேன். ஆமாம் என்பதே பதில்.

கிளம்பும்போது சரவணன் சொன்னது இதுதான்: "ஹீட்டர ஆஃப்லயே வையிக்கா. கத்திரி முடியற வரைக்கும் அது வோணாம். மத்தியானம் ஏசி மட்டும் போட்டு வுடு."

இரண்டு நாள் எல்லாம் சரியாக நடந்தது. பள்ளி விடுமுறை. காலையில் போவேன், மாலையில் போவேன்.

மூன்றாம் நாள் காலை கவிதா வாசலிலேயே சொன்னாள்: "அண்ணி, நேத்துலருந்து அது தண்ணிக் கிண்ணத்துலயே கெடக்குது. வெளியவே வர்ல."

பாம்பு தண்ணீரிலேயே கிடந்தால் அதற்குச் சூடு தாங்கவில்லை என்று பொருள். இதை நான் இன்று பத்துப் பேருக்குச் சொல்கிறேன். அன்று நான் சொன்னது வேறு. "தோல் உரிக்கப் போவுது. அதான் ஊறுது. உனக்குத் தெரியாது."

உள்ளே போய்ப் பார்த்தேன். வெயிலுக்காகக் காலையிலேயே போட்டிருந்த ஏசியின் காற்று நேராகப் பெட்டியில் அடித்துக்கொண்டிருந்தது. சரவணன் கிளம்பும் முன் லட்டுவுக்கு இரை கொடுத்திருந்தான். இரை செரிக்க வயிற்றுக்குச் சூடு வேண்டும், இந்த ஏசியில் அது கிடைக்காது என்று முடிவு செய்தேன். ஹீட்டரைப் போட்டேன்.

கவிதா நிலைப்படியில் நின்றபடி கேட்டாள்: "இந்த வெயில்ல எதுக்கு அண்ணி ஹீட்டர்? அவரு ஆஃப்லதான் வைக்கச் சொன்னாரு."

"தெர்மோஸ்டாட் இருக்குதில்ல? ஜாஸ்தியானா அதுவே நின்னுடும். நீ போய் வேலயப் பாரு."

அவள் போனாள்.

பகலில் கிண்ணத்தைக் கழுவ வேண்டி, கைக்கு இடைஞ்சலாக இருந்த சென்சாரை உள்ளிருந்து எடுத்துப் பெட்டியின் மூடிமேல் வைத்தேன். கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் நிரப்பி உள்ளே வைத்தேன். அந்த நேரம் கரண்ட் போனது. ஏசி நின்றது. வெளியே வெயில் கொளுத்துகிறது. அறை சூடேறும் முன் ஏதாவது செய்ய வேண்டும். பெரிய துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து பெட்டியின் மேல் விரித்தேன். ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒன்பதாம் வகுப்புப் பாடம்! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சென்சார் அந்தத் துண்டுக்குக் கீழே இருந்தது.

புரிகிறதா உங்களுக்கு? சென்சார் ஈரத்தில் கிடக்கிறது. இங்கே குளிராக இருக்கிறது, இன்னும் சூடு வேண்டும், இன்னும் வேண்டும் என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும். கரண்ட் திரும்பி வந்தால் ஏசி தானாக ஓடாது, யாராவது ரிமோட்டை அழுத்த வேண்டும். ஹீட்டர் தானாக எரியும். அணையவே அணையாது. பெட்டியின் காற்றோட்டத்தையும் துண்டு அடைத்துவிட்டது.

நான் கதவைச் சாத்திவிட்டு, "உள்ள இருக்கிற குளிர்ச்சி வெளிய போயிடும். கதவத் தொறக்காத" என்று கவிதாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

மூன்று மணிக்குக் கவிதா போன் செய்தாள்.

"அண்ணி, கரண்ட் வந்து ரொம்ப நேரமாவுது. ஏசி சத்தமே கேக்கல. போய்ப் போட்டு வுடட்டுமா?"

நான் கட்டிலில் படுத்திருந்தேன். கண் சொருகிக்கொண்டிருந்தது.

"வோணாம் கவிதா. ஈரத்துண்டு போட்டிருக்கேன், அது போதும். தொறந்தா வெக்கை உள்ள போவும். நான் வந்துக்கினே இருக்கேன்."

வந்துகொண்டிருக்கவில்லை. தூங்கிவிட்டேன்.

ஐந்து மணிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. துண்டை எடுத்தேன். விளிம்பெல்லாம் காய்ந்து, சென்சார் இருந்த மடிப்பில் மட்டும் இன்னும் ஈரம் இருந்தது. இடப்பக்கம் நாற்பத்தெட்டு. வலப்பக்கம் நாற்பத்தொன்று.

லட்டு சுருண்டிருக்கவில்லை. நீளமாகக் கிடந்தது. ஹீட்டருக்கு எட்டாத தூரத்தில், வலது மூலைக் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி... வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளியேற வழி தேடித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் தோல் கிழிந்து சிவந்திருந்தது. கண்ணாடியில் அந்த உயரத்தில் ஒரு நீளமான கறை இருந்தது.

கையில் எடுத்தேன். தொங்கியது.

அடுத்து நான் செய்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். பாம்பு செத்தது என் பிழை. பிழை யாருக்கும் வரும். பிழையோடு நான் நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை.

ஹீட்டரின் சுவிட்சை அணைத்தேன். சென்சாரை எடுத்துப் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்தேன். துண்டைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன், கொடியில் போட. மூன்று வேலைகள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பினால் நிலைப்படியில் கவிதா. என் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கரியாலூரில் சிக்னல் கிடைப்பது கடினம். சரவணனுக்கு அன்று சேதி போகவில்லை. மறுநாள் காலை அவனே கூப்பிட்டபோது சொன்னேன். மதியத்துக்குள் மலையிறங்கி வந்துவிட்டான்.

பெட்டியின் முன் வெகுநேரம் குந்தியிருந்தான். பிறகு தலை நிமிராமல் கேட்டான்: "என்னாக்கா ஆச்சி?"

"நான் வரும்போது ஏசி ஓடல" என்றேன்.

நான்கு சொற்கள். நான்கும் உண்மை. நீங்கள் எந்த நீதிமன்றத்திலும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது.

அவன் கவிதாவின் பக்கம் திரும்பினான். "கரண்ட் வந்தப்பறம் ஏசி போடலயா நீ?"

"அண்ணி கதவ தொறக்காதன்னு சொன்னாங்க..."

அவன் என்னைப் பார்த்தான். கவிதாவும் என்னைப் பார்த்தாள்.

"ஏசியோட குளிர்ச்சி உள்ள இருக்கட்டும்னு சொன்னேன்" என்றேன். இதுவும் உண்மைதான்! உண்மையைக் கொண்டே ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அது நன்றாகவே வந்தது.

கவிதா போன் செய்ததைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் என் கைபேசியிலேயே சாட்சி இருந்தது. ஹீட்டரையும் துண்டையும் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு அது ஆவாதுன்னு தெரியும்" என்றான் சரவணன் அவளிடம். குரல் உயரவில்லை. "ஆனா ஒரு சுவிட்ச் போட உனக்கு மனசு வரலல்ல?"

லட்டுவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோமுகி ஆற்றங்கரைப் பக்கம் தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு வந்தான். அன்று முதல் அவன் அவளோடு பேசவில்லை. அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டான், ஆனால் பேசவில்லை. பத்து நாள் பொறுத்தாள். பிறகு நைனார்பாளையத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவளைத் திரும்ப அழைத்து வந்தது யார் தெரியுமா? நான்தான். பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். அவள் அப்பா எனக்கு நாற்காலி போட்டார். "எம்பொண்ணு தப்பு பண்ணியும் நீங்க தேடி வந்தீங்களே, உங்க மனசு யாருக்கு வரும்" என்றார். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். மறுக்கவில்லை... தலையைக்கூடக் குனியவில்லை.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாதி வழிவரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நானாகத்தான் கேட்டேன்.

"அன்னிக்கி நீ போன் பண்ணத ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன் அண்ணி."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கோபமிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும்.

"அப்பால சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பாரா? நீங்க டீச்சர். அவர வளத்தவங்க. எம்பேச்சு எடுபடுமா?" பிறகு என் பக்கம் திரும்பி, "எப்ப சொல்லுவீங்க அவருகிட்ட?" என்றாள்.

"சொல்றேன். நேரம் பாத்துச் சொல்றேன்."

அவள் தலையசைத்தாள். அதன் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை. ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்...

அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. இப்போது மூன்று வயது. சரவணன் நல்ல அப்பா, நல்ல கணவனும்கூட என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் வெயில் காலம் வந்தால் வேலையிடத்திலிருந்து பகலில் மூன்று முறை கூப்பிடுவான். "பாப்பா எங்க? ஃபேன் ஓடுதா? நீ போய்ப் பாத்தியா, இல்ல இருந்த எடத்துலருந்தே சொல்றியா?" கவிதா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஓடுது" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இது நடந்திருக்கிறது. பெற்ற பிள்ளை விஷயத்தில்கூட அவள் சொல்லை அவன் இரண்டாம் முறை கேட்டுத்தான் நம்புகிறான்.

லட்டுவுக்குப் பிறகு நான் படித்தேன். வெறி பிடித்ததுபோல் படித்தேன். இன்று சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்தில் இப்படிப் பாம்பு வளர்ப்பவர்கள் கத்திரி தொடங்கினால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நீங்கள் வளர்ப்பவராக இருந்தால் உங்களுக்கும் சொல்கிறேன். அறைச் சூடு முப்பத்திரண்டைத் தாண்டினால் ஹீட்டரின் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பெட்டியைத் தரையில் வையுங்கள், மேற்கு ஜன்னலுக்குத் தூரமாக. தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்புறம், ஒரு பக்கம் மட்டும் சாய்த்து வையுங்கள், பாம்பு வேண்டுமென்றால் அருகே வரட்டும். காற்றோட்டத்தை மூடாதீர்கள். சென்சாரை உள்ளே ஒட்டிவிட்டு, கையால் இழுத்துப் பாருங்கள். பாம்பு தண்ணீரிலேயே கிடந்தால் காரணம் தேடுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள்.

இவ்வளவும் எப்படித் தெரியும் டீச்சர் என்று கேட்பார்கள். "எங்க வூட்ல ஒரு தடவ தப்பு நடந்துடுச்சி" என்பேன். யார் செய்த தப்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேனா? தெரியவில்லை.

இந்தத் தை மாதம் சரவணன் மறுபடி ஒரு பாம்பு வாங்கினான். அதே வகை. காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. பெட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது கவிதா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள்.

"உன் வூட்லயே இருக்கட்டும்க்கா. இங்க வச்சா எனக்கு வேல ஓடாது" என்றான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதைவிட நல்ல நேரம் வராது. வாய்வரை வந்தது. இல்லை, பொய் சொல்லக் கூடாது, வாய்வரை வரவில்லை. "சரிடா, கொண்டாந்து வையி" என்றேன்.

அது இப்போது என் முன் அறையில் இருக்கிறது. வெளியே கத்திரி எரிக்கிறது. இரண்டு தெர்மோஸ்டாட், மூன்று தெர்மாமீட்டர், கரண்ட் போனால் தாங்குவதற்கு இன்வெர்ட்டர். ஒரு பாகைகூடப் பிசகவில்லை. நன்றாக இரை எடுக்கிறது. ஒரே துண்டாகத் தோல் உரித்திருக்கிறது. இது சாகாது. அதை மட்டும் உங்களுக்கு உறுதியாகச் சொல்வேன். என் கையில் இன்னொன்று சாகாது.

நேற்று மாலை மூவரும் வந்திருந்தார்கள். குழந்தை கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தது. கவிதா சட்டென்று அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சரவணன் மீட்டர்களைக் குனிந்து படித்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா கவிதா? வெளிய இன்னா வெயில் அடிக்குது! பொறுப்பா பாத்துக்கினா எதுவும் ஆவாது" என்றான்.

"ஆமாங்க" என்றாள் அவள்.

இந்தப் பாம்பு நலமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அவள்மேல் விழுந்த பழி இன்னும் கொஞ்சம் உறுதியாகிறது. அதற்காக இதை நான் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? முடியாது.

நானும் அவளும் அடுக்களைக்குப் போனோம். நான் டீ போட்டேன். அவள் டம்ளர்களை அடுக்கினாள். அவனுக்குச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னாள். போட்டேன். டீயை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள்.